ஊற்றுக்கண்

தோற்றுவாய்: கருநாடக மாநிலத்து நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திர நிலத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தினுள் புகுகின்றது. ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆர்க்காடு ஆகிய ஊர்கள் அதன் கரையிலும் கரையை அடுத்தும் அமைந்துள்ளன. ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாற்றில் நீரோட்டம் காண்பது அரிது. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில் மணலே தோன்றும். ஆயினும், அம்மணலைக் கையால் தோண்டினால் அடியில் ஈரம் புலப்படும். மேலும் தோண்டினால் நீர் கசியும். பொறுமையுடன் காத்திருந்தால் தெளிந்த ஊற்று நிரம்பும். பாலாற்றங்கரை மக்கள் பல தலைமுறைகளாக இவ்வாறே ஊற்றுத் தோண்டி நீர் முகந்து வாழ்ந்தனர்.

திருவள்ளுவர் கல்வியை விளக்குவதற்கு மணற்கேணியையே உவமையாக எடுத்துக்கொண்டார். அவ்வுவமையில் ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருக்கின்றது. குடத்தில் நீரை வெளியிலிருந்து ஊற்றி நிரப்புகின்றோம்; கேணியிலோ நீர் உள்ளிருந்து ஊறி மேலே வருகின்றது. கற்கும் குழந்தை குடம் அன்று; கேணி. அறிவை வெளியிலிருந்து ஊற்றி நிரப்புவது ஆசிரியரின் தொழில் அன்று. ஊற்றுக்கண்ணை அடைத்திருக்கும் மணலை அகற்றுவதே அவர்தம் தொழில். தொடக்கப் பள்ளிப் பருவத்தில் இவ்வுண்மையை மறவாது கற்பிக்கும் முறையினையே குழந்தையை நடுவாகக் கொண்ட கல்வி என்று அறிஞர் கூறுவர். அம்முறை தமிழகத்தில் பரவிய வரலாற்றில் பாலாற்றங்கரைக்கும் ஓர் இடம் உண்டு.

தோல் தொழிலும் மக்களும்: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் உலகறிந்தவை. பண்டு இவை அனைத்தும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. பின்னர் வேலூர் மாவட்டத்தில் அடங்கின. 2019-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊற வைத்து, சுண்ணாம்பு நீரில் இட்டு, மயிரையும் சதையையும் நீக்கி, ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றில் பதப்படுத்துவது பழைய முறையாகும். பின்னர்க் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. பதனிட்ட தோல் காலணியாகவும் பையாகவும் உருப்பெற்றுக் கடல் கடந்து செல்கின்றது. ஆம்பூரைச் சூழ்ந்த ஊர்களில் காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையை வீட்டிலேயே செய்யும் பெண்களும் பலர்.

இப்பகுதியில் தமிழும், உருதும், தெலுங்கும் பேசும் மக்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். விடியற்காலையில் தொழிற்சாலைக்குப் புறப்படும் தாயும் தந்தையும் மாலையில்தான் வீடு திரும்புவர். இத்தகைய வீட்டுக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் எழுத்துக் கற்கும் இடம் மட்டும் அன்று. பகற்பொழுதின் இல்லமும் அதுவேயாகும்.

கட்டுண்ட சிறுவர்: தோல் தொழிலுக்கு அடுத்தபடியாக, வேலூர், குடியாத்தம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளில் பீடி சுற்றும் தொழில் பரவியிருந்தது. வறுமையும் நோயும் வந்து வருத்தும்போது, பெற்றோர் சிலர் வேலை தருவோரிடம் முன்பணம் வாங்கினர். அக்கடனுக்கு ஈடாகத் தம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினர். கடன் தீரும்வரையில் பிள்ளை வேலை செய்ய வேண்டும். ஆனால் அப்பிள்ளை பெறும் கூலியோ கடனைத் தீர்க்கப் போதாது. ஆதலின் சிறு தொகைக்காகச் சிறுவரின் இளமைப் பருவம் முழுவதும் அடைமானமாகப் போயிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சிறுவரைத் தீங்கான தொழில்களில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் பிறந்தது. எனினும், சட்டம் ஏட்டில் எழுதப்பட்ட அன்றே கட்டு அவிழ்ந்துவிடுவது இல்லை.

1990-களில் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய எம். பி. விஜயகுமார், இக்கொடுமையை நீக்குவதில் முனைந்து நின்றார். கொத்தடிமைப்பட்ட சிறுவர் மீட்கப்பட்டனர். அவர்களுக்கெனத் தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கட்டு அவிழ்ந்தவுடன் துன்பம் தீர்ந்தது என்று பலரும் கருதியிருப்பர். ஆனால் உண்மையான வினா அதன் பின்னரே எழுந்தது: இச்சிறுவர்க்கு எவ்வாறு கற்பிப்பது?

இடர்ப்பாடு யாது? எடுத்துக்காட்டாக, பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் ஒருநாளும் பள்ளிக்குச் சென்றவள் அல்லள். முதல் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளின் நடுவே அவளை அமர்த்தினால் அவள் நாணிக் குன்றுவாள். ஐந்தாம் வகுப்பில் அமர்த்தினால் ஒன்றும் விளங்காது விழிப்பாள். நாள் முழுவதும் குனிந்து ஒரே வேலையைச் செய்த உடல் அவளுடையது. பிழை செய்தால் வசவும் அடியும் கிடைக்கும் என்று பழகிய உள்ளம் அவளுடையது. கரும்பலகையின் முன் நிறுத்தி, வாய்பாட்டை ஒப்பி என்று உரத்த குரலில் கேட்டால், பள்ளியும் மற்றொரு பட்டறையாகவே அவளுக்குத் தோன்றும். மறுநாள் அவள் வாராள்.

இனி, அவளிடம் அறிவே இல்லையா என்றால், அஃதும் அன்று. பீடிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுகளாய்க் கட்டுவதையும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடுவதையும் அவள் அறிவாள். நான்கு கட்டுகள் நூறு என்பதும், நாற்பது கட்டுகள் ஆயிரம் என்பதும் அவள் விரல்களுக்குத் தெரியும். இருபத்தைந்தை நாற்பதால் பெருக்குதல் என்று அதற்குப் பெயர் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்குள் ஊற்று இருக்கின்றது. அதன் மேல் மணல் மூடிக் கிடக்கின்றது. வழக்கமான பாடமுறை அந்த ஊற்றைத் தேடுவதில்லை. நாற்பது பேர்க்கும் ஒரே நேரத்தில், ஒரே பாடத்தை, ஒரே விரைவில் உரைத்துச் செல்வது அதன் இயல்பு. முன்னே செல்லும் பிள்ளை அலுப்புறும். பின்னே நிற்கும் பிள்ளை அஞ்சும். இரண்டு நாள் நோயுற்று வாராத பிள்ளைக்குப் பாடத்தின் இழை அறுந்துபோகும்.

எனவே அச்சிறுவர்க்கெனப் புதிய வழி ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. பாட்டும், விளையாட்டும், கையால் தொட்டுப் பார்க்கும் பொருள்களும் வகுப்பினுள் புகுந்தன. அச்சம் நீங்கிய இடத்தில் அறிவு தலைகாட்டியது.

பழமையும் புதுமையும்: இம்முறை முற்றிலும் புதியது என்று கருதுதல் பொருந்தாது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். முன்னர்க் கற்ற மாணவன் பின்னர் வந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுச் சமயகுரு, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்தார். அதனையும், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் மேற்கொண்டார். தம் நாடு திரும்பியபின் 1797-இல் அதனைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது மேலை நாடுகளில் பரவியது. திண்ணைப் பள்ளியில் மனப்பாடச் சுமையும் பிரம்படியும் இருந்தன என்பது மெய்யே. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருக்கவில்லை என்பதும் மெய்யே. குறையை விலக்கி நிறையைக் கொள்ளுதல் அறிவுடையோர் கடன்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் கற்றலைப் பற்றி ஓர் அரிய கணக்கு கூறப்பட்டுள்ளது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்கு அறிவே கிட்டும்; உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டும்; தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்பது அதன் கருத்து. அந்நூல் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம் எனப் பலவாறு உவமித்து வகைப்படுத்தவும் செய்கின்றது. அவ்வகைகளை ஒரு குழந்தையின் நெற்றியில் நிலையாக எழுதிவிடுதல் கூடாது. கணக்கில் ஓட்டைக்குடமாக நிற்கும் பிள்ளை பாட்டில் அன்னமாக விளங்கக்கூடும். எந்தக் குழந்தையும் எல்லாவற்றிலும் கடையன் அல்லன்.

மேலை நாட்டிலும் இவ்வெண்ணம் தழைத்தது. சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசி என்பார் தலையும் நெஞ்சும் கையும் ஒருங்கே வளர்வதே கல்வி என்றார். செருமனியில் பிரோபெல் என்பார் இளங்குழந்தைகளுக்கு விளையாட்டே கல்வியாகும் பள்ளியை நிறுவி, அதற்குக் குழந்தைத் தோட்டம் என்று பெயரிட்டார். இத்தாலி நாட்டு மருத்துவப் பெண்மணியாகிய மரியா மாண்டிசோரி, 1907-ஆம் ஆண்டில் உரோமை நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். அவரே 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்கட்குத் தம் முறையைப் பயிற்றுவித்தார். காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் கைத்தொழிலை அடிப்படையாகக் கொண்ட ஆதாரக் கல்வியை நாட்டின் முன் வைத்தார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கைத்தொழில் வழியே கற்பது கல்வியானால், பீடி சுற்றிய சிறுமி கற்றதும் கல்விதானே என்று எவரேனும் வினவலாம். அன்று. கல்விக்காகச் செய்யும் வேலையில் குழந்தை வினவலாம், நிறுத்தலாம், பிழை செய்யலாம், புதிதாக ஒன்றை முயலலாம். கடனுக்காகச் செய்யும் வேலையில் இவற்றுள் ஒன்றும் இயலாது. முன்னதில் வேலை குழந்தைக்காக உள்ளது. பின்னதில் குழந்தை வேலைக்காக உள்ளது. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

கற்றல் ஏணி: வேலூருக்கு வடமேற்கே, மலைகளுக்கு அப்பால், ஆந்திர மாநிலத்து மதனப்பள்ளியை அடுத்து இரிஷிவாலி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கொள்கை வழி நிற்கும் பள்ளி ஒன்று உண்டு. சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அப்பள்ளியினர் 1980-களின் பிற்பகுதியில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கினர். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் பயிலும் அப்பள்ளிகளுக்கு ஏற்றதாகப் பத்மநாப ராவ், இரமா ஆகியோர் கற்றல் ஏணி என்னும் அமைப்பை உருவாக்கினர்.

2003-ஆம் ஆண்டில் விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் பலர் இரிஷிவாலிக்குச் சென்று பயின்று வந்தனர். முதலில் சில பள்ளிகளில் தொடங்கிய இம்முறை சென்னை முழுதும் பரவியது. பின்னர் 2007-2008-ஆம் கல்வியாண்டில் தமிழகத்து அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் முதல் நான்கு வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் விரிவாக்கப் பெற்றது. மீட்கப்பட்ட சிறுவர்க்கு வழக்கமான பாடமுறை பொருந்தாது என்று பாலாற்றங்கரையில் கண்ட உண்மை, எல்லாச் சிறுவர்க்கும் பொருந்தும் உண்மையாக ஏற்கப்பட்டது.

அம்முறையின் அமைப்பு பின்வருமாறு: ஒரு பாடத்தில் கற்க வேண்டியவை அனைத்தும் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்படும். படிகள் சில சேர்ந்தது ஒரு மைல்கல். ஒவ்வொரு படிக்கும் ஒரு அட்டை உண்டு. அட்டையில் பறவை, விலங்கு முதலிய குறியீடு ஒன்று இருக்கும். எழுத்து அறியாத குழந்தையும் அக்குறியைக் கொண்டு தன் அட்டையைத் தானே தேடி எடுக்கலாம். முதலில் அறிமுகம், பின்னர்ப் பயிற்சி, அதன்பின் மதிப்பீடு, குறை காணின் மீண்டும் பயிற்சி, குறை இல்லையேல் மேலும் செறிவூட்டும் செயல் என்ற வரிசையில் மைல்கல் அமைந்திருக்கும். இவை யாவும் ஏணி வடிவில் வரையப்பட்டுச் சுவரில் தொங்கும்.

பிள்ளைகள் தரையில் பாய் விரித்துக் குழு குழுவாக அமர்வர். ஒரு குழு ஆசிரியரின் முழு உதவியுடன் கற்கும். மற்றொன்று அவருடைய உதவியைச் சிறிதளவே பெறும். வேறொன்று உடன் பயிலும் மாணவரின் உதவியால் கற்கும். இன்னொன்று தானே கற்கும். பிறிதொன்று தான் கற்றதை மதிப்பிட்டுக்கொள்ளும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை அமைக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கப்படும். பிள்ளைகள் வரைந்தவையும் செய்தவையும் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கும்.

இம்முறையில் ஆசிரியரின் இடம் குறைந்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. முன்னர் அவர் வகுப்பின் முன்னே நின்று நாற்பது பேர்க்கும் ஒருங்கே உரைத்தார். இப்போது அவர் பாயில் அமர்ந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே நோக்குகின்றார். எந்தப் பிள்ளை எந்தப் படியில் தயங்குகின்றது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். மேடையில் நின்று பேசுவதினும் இஃது அரிய பணியாகும். இரண்டு நாள் வாராத பிள்ளையும் தான் விட்ட படியிலிருந்தே ஏறத் தொடங்கலாம். பத்து வயதில் பள்ளிக்கு வந்த சிறுமியும் நாணமின்றி முதற்படியில் கால் வைக்கலாம். விரைந்து ஏறவும் செய்யலாம்.

முழுமை என்பது யாது? குழந்தையை நடுவாகக் கொண்ட கல்வி, பாடங்களை ஒன்றிலிருந்து ஒன்று அறுத்து நிறுத்துவதில்லை. பாலாற்றங்கரையில் மலரும் ஆவாரம்பூ ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அதன் மஞ்சள் இதழ்களை எண்ணுகின்றனர்; ஐந்து இதழ்கள். ஆறு பூக்களில் எத்தனை இதழ்கள் என்று கேட்டால் ஐந்தாம் வாய்பாடு பிறக்கின்றது. அதன் பெயரை எழுதினால் மொழிப்பாடம். பொங்கல் காலத்தில் வீட்டில் காப்புக் கட்ட அதனை ஏன் கொணர்கின்றனர் என்று பாட்டியிடம் கேட்டு வந்தால் அதுவே வழக்காற்றுப் பாடம். அதன் பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் பச்சைத் தோலை அழுகாது காக்கின்றது என்று அறிந்தால் அறிவியல். அப்பட்டையும் சுண்ணாம்பும் இருந்தமையால் தம் ஊரில் தோல் தொழில் எவ்வாறு வேரூன்றியது என்று உணர்ந்தால் நிலநூலும் வரலாறும். தந்தையார் செய்யும் தொழிலைப் பற்றி வகுப்பில் பேசும் உரிமை பெற்ற குழந்தை, அத்தொழிலை இழிவாகக் கருதும் பொய்ம்மையையும் உதறிவிடும்.

அவ்வாறே ஊரின் குறையையும் அது மறைக்காது. தோல் பதனிடும் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தமையால், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996-இல் வழங்கிய தீர்ப்பில், கேடு விளைத்தவரே அதனைச் சீர் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நீதிமன்றம் நிலைநாட்டியது. தன் ஊர்க் கிணற்று நீர் ஏன் உவர்த்தது என்று வினவும் குழந்தைக்கு விடை தேட உதவுவதும் கல்வியே.

உடலை விடுத்து உள்ளத்தை மட்டும் வளர்த்தல் இயலாது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதனைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. 1920-ஆம் ஆண்டளவிலேயே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர், இதே தோல் நிலத்தை அடுத்த குடியாத்தம் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றம் புகுந்தார். அவர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. விடியலில் தொழிற்சாலைக்குப் புறப்படும் தாய்மார் மிகுந்த ஊர்களில் காலை உணவின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உணவைப் போன்றே தாய்மொழியும் குழந்தைக்கு உரம் ஆகும். வீட்டில் உருது பேசும் பிள்ளை முதல்நாள் தமிழ் வகுப்பில் வாய்மூடி அமர்ந்தால், அது அறியாமையன்று. மொழி புதிது என்பதே காரணம். அப்பிள்ளையின் வீட்டுச் சொல்லை ஏற்று, அதனருகே தமிழ்ச் சொல்லை வைக்கும் ஆசிரியர், ஒரு மொழியைப் பறிக்காமல் மற்றொரு மொழியைக் கொடுக்கின்றார்.

தடைகளும் விடைகளும்: நன்முறை எனினும் அதனைச் செயற்படுத்துவதில் இடர்கள் தோன்றவே செய்தன. பிள்ளைகள் பாடநூல் இன்றி அட்டைகளை வைத்துக்கொண்டு விளையாடுகின்றனரே என்று பெற்றோர் சிலர் வருந்தினர். பல்லாயிரம் பள்ளிகளில் ஒரே காலத்தில் விரிவாக்கியமையால், முறையின் உள்ளுணர்வை உணராது, அட்டைகளை வரிசையாக முடிப்பதே கற்றல் என்று கருதிய வகுப்புகளும் இருந்தன. அட்டை கிழிந்தது; சில தொலைந்தன. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நோக்குதல் அரிதாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் அம்முறை எளிமையாக்கப்பட்டது. பாடநூல்களும் அதனோடு இணைக்கப்பட்டன. நாளடைவில் வேறு முறைகள் அதன் இடத்தைப் பெற்றன.

இதனால் அம்முயற்சி வீண் என்று முடிவு கட்டலாகாது. அட்டையும் ஏணியும் கருவிகளே. கருவி தேயும், மாறும். குழந்தை தன் நிலையிலிருந்து, தன் விரைவில், அச்சமின்றிக் கற்க வேண்டும் என்னும் கொள்கையே உயிர். எந்தக் கருவியும் கைம்மாறும்போது அவ்வுயிரை இழக்காதிருத்தல் வேண்டும். எந்த முறையாயினும், ஆசிரியர் அதனைச் சடங்காகச் செய்தால் அது மனப்பாடத்தினும் உலர்ந்துபோகும்.

2010-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கியது. செயல், ஆய்வு, கண்டறிதல் வாயிலாக, அச்சமின்றிக் குழந்தை கற்க வேண்டும் என்பதனையும், அடித்தலும் மனத்தைப் புண்படுத்தலும் கூடா என்பதனையும் அச்சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. வயது மீறியபின் பள்ளிக்கு வரும் பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி அளிக்கவும் அது வழி செய்துள்ளது. பீடிக் கூடையிலிருந்து மீண்ட சிறுவர்க்கு எது தேவைப்பட்டதோ, அதுவே நாடெங்கும் சட்டமாயிற்று.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர்த் திங்களில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேலாகப் பள்ளியின் வாயிலையே காணாத பிள்ளைகள் வகுப்பில் வந்து அமர்ந்தபோது, பழைய வினாவே புதிய வடிவில் எழுந்தது: ஒரே வகுப்பில் வெவ்வேறு நிலையில் நிற்கும் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது? 2022 சூன் திங்களில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம், பிள்ளைகளை அவர்தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூவகையாகக் கொண்டு கற்பிக்க வகுக்கப்பட்டது. அரும்பு இழிந்ததும் அன்று, மலர் உயர்ந்ததும் அன்று; ஒரே கொடியின் மூன்று பருவங்கள். இன்று அரும்பாக இருப்பது நாளை மலரும் என்னும் நம்பிக்கை அப்பெயர்களிலேயே அமைந்திருக்கின்றது.

முடிவுரை: உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்க்கு இவ்வரலாற்றால் விளையும் பயன் யாது? வீட்டிலே தம்பியோ தங்கையோ தொடக்கப் பள்ளியில் பயின்றுகொண்டிருக்கலாம். அடுத்த வீட்டில், மாலையில் தாய் வரும்வரையில் வாயிற்படியில் காத்திருக்கும் குழந்தை இருக்கலாம். அக்குழந்தை கணக்கில் தவறினால், "இதுகூடத் தெரியாதா?" என்று நகைத்தல் எளிது. அதனருகே அமர்ந்து, புளியங்கொட்டைகளைப் பரப்பி, எந்த இடத்தில் அது தயங்குகின்றது என்று கண்டுபிடித்தல் சற்று அரிது. ஆயினும் நன்னூலார் கூறிய அரைப் பங்கு அறிவு அவ்வரிய செயலில்தான் அடங்கியுள்ளது. கற்பிப்பவனும் அதனால் கற்கின்றான்.

பாலாற்றில் ஊற்றுத் தோண்டுவோர் மணலை வையார், அடிக்கவும் மாட்டார். நீர் உள்ளே உண்டு என்னும் உறுதியுடன் இரு கைகளாலும் மணலை மெல்ல விலக்குவர். சிறிது நேரம் காத்திருப்பர். முதலில் ஊறும் நீர் கலங்கலாகவே இருக்கும். அதனை இறைத்துவிட்டு மீண்டும் காத்திருந்தால் தெளிந்த நீர் வரும். குழந்தைக்குக் கற்பிப்பவர்க்கு வேண்டுவனவும் அவ்வுறுதியும் அப்பொறுமையுமே ஆகும்.